மேலே ஆள் நிற்கும்போது போன் அடிக்காதீர்கள்

பணகுடி, காவல்கிணறு, பழவூர் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் எங்கள் மின்சாரக் காத்தாடிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒரு கூட்டத்தைப் பராமரிக்கும் சைட்டுக்கு நான் பொறுப்பாளன். டிப்ளமோ முடித்துவிட்டு டெக்னீஷியனாக ஏணி ஏறிப் பிழைத்தவன். இப்போது பெரும்பாலும் கீழே நிற்கிறேன், கையில் போனோடு. நான் மனதைக் கவனிக்கப் பழகுவதைப் பார்த்துவிட்டு, கீழே நிற்கிறவனுக்கு மனப்பயிற்சி எதற்கு என்று கூட வேலை பார்க்கும் பொறுப்பாளர்கள் சிலர் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எங்களுக்கு வருஷம் என்பது வைகாசிப் பாதியில் தொடங்கிப் புரட்டாசியோடு முடிந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று கிடைத்த கணவாய்களில் புகுந்து வரும். ஆரல்வாய்மொழி வழியாக வருவதுதான் எங்கள் சோறு. நொடிக்கு 3, 4 மீட்டர் காற்று இருந்தால் மிஷின் மின்சாரம் தர ஆரம்பிக்கும். 25 மீட்டர் வாக்கில் போனால் தானாகவே நின்றுகொள்ளும். வருஷ உற்பத்தியில் பெரும்பங்கு இந்த நாலைந்து மாதத்தில்தான் வரும் என்பதால், ஆடியில் ஒரு மிஷின் நின்றால் அதன் முதலாளிக்கு வயிறு எரியும். அவர் கோயம்புத்தூரிலோ ராஜபாளையத்திலோ நூற்பாலை வைத்திருப்பவராக இருப்பார். மில் ஓடுவதற்காகக் காத்தாடி வாங்கிப் போட்டவர். சீசனில் அவர் போன், சென்னை ஆபீஸ் போன், கன்ட்ரோல் ரூம் போன் எல்லாம் என் சட்டைப்பையில்தான் அடிக்கும். அதே நேரத்தில் 80 மீட்டர் உயரத்தில், நாசெல் என்கிற பெட்டிக்குள் இரண்டு பையன்கள் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் போன்களுக்கும் அந்தப் பையன்களுக்கும் நடுவில் நிற்பதுதான் என் சோலி. மற்றதெல்லாம் எழுத்து வேலை.

நான் டெக்னீஷியனாக இருந்த ஒரு சைட்டில் பொறுப்பாளர் மகா கோபக்காரர். மிஷினைக் கரைத்துக் குடித்தவர். சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் போனில் அவருக்கு விழுந்த ஏச்சு, வாக்கிடாக்கி வழியாக எங்களுக்கு வந்து சேர அரை நிமிஷம் ஆகாது. அதனால் அங்கே ஒரு பழக்கம் தானாக வந்துவிட்டது: கெட்ட செய்தியை யாரும் அவரிடம் கொண்டுபோக மாட்டார்கள். ஆயில் கசிகிறதா, நாளைக்குப் பார்த்துக்கலாம். ஹார்னஸ் என்கிற பாதுகாப்பு வாரின் கொக்கி கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதா, அடுத்த வாரம் சொல்லலாம். அவர் ரிப்போர்ட்டில் எல்லாம் சுத்தமாக இருக்கும். மேலே ஏறுகிற எங்களுக்குத்தான் அடிவயிற்றைக் கலக்கும்.

பொறுப்பில் இருக்கிறவன் தன் மனதைப் பழக்கிக்கொள்ள எனக்குத் தெரிந்து உருப்படியான காரணம் இது ஒன்றுதான். கெட்ட செய்தி அவனிடம் சீக்கிரம் வரவேண்டும். அவன் நிம்மதி, பிரஷர், தூக்கம் எல்லாம் அதற்கு அப்புறம்.

மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்த நொடியில் நடப்பதைக் கவனித்திருப்பது, என்ற பெயரை நான் முதலில் கேட்டது கம்பெனி நடத்திய ஆன்லைன் வகுப்பில். பயிற்சியாளர் எங்கோ ஏசி அறையில் இருந்தார். “கண்ணை மூடுங்கள், அமைதியான ஒரு கடற்கரையை நினைத்துக்கொள்ளுங்கள்” என்றார். எங்கள் கன்டெய்னர் ஆபீஸின் தகரத்தை ஆடிக்காற்று பிய்த்துக்கொண்டிருந்தது. கண் மூடிய கொஞ்ச நேரத்தில் பின்வரிசையிலிருந்து குறட்டை. ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்து உட்கார்ந்த பையன், அவனைக் குறை சொல்ல முடியாது. உண்மையில் அந்த வகுப்பில் அவன் ஒருவன்தான் பலன் அடைந்தான்.

ஆனாலும் வகுப்பில் சொன்ன ஒரு சங்கதி மனதில் தங்கிவிட்டது. ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு பயிற்சியாக இதை ஆரம்பித்தபோது, அவரிடம் வந்தவர்களில் பலர் தீராத வலிக்காரர்கள். வைத்தியம் பார்த்தும் குணம் தெரியாதவர்கள். வலியைப் போக்குகிறேன் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. வலி இருக்கும்போதே அதைப் பார்த்துக்கொண்டு அன்றைய நாளை ஓட்டப் பழக்கினார். பௌத்தத் தியானத்திலிருந்து எடுத்ததுதான். நம் நாட்டில் கோயங்கா என்ற ஆசிரியர் 1969-லிருந்து நடத்திய 10 நாள் விபாசனா தியான வகுப்புகளும் அதே வேரிலிருந்து வந்தவை. பத்து நாள் பேசாமல் இருக்கவேண்டும், கட்டணம் கிடையாது. எங்கள் ஆட்களில் ஒருவர் போய்வந்தார். வந்தபின் முன்னைவிட அதிகமாகப் பேசுகிறார், ஆனால் நிதானமாக. எனக்கு அந்தப் பத்து நாள் இன்னும் வாய்க்கவில்லை. நான் பழகியதெல்லாம் மிஷினடியில், வேலையோடு வேலையாக.

முதலில் காலை எட்டு மணி. டூல்பாக்ஸ் டாக் என்று ஒன்று எல்லா சைட்டிலும் உண்டு. அன்றைய வேலை என்ன, அதில் ஆபத்து எது, யார் எதற்குப் பொறுப்பு என்று பேசிவிட்டுக் கையெழுத்து வாங்குவது. பல இடங்களில் கையெழுத்து மட்டும்தான் மிஞ்சும். ஒருத்தன் தாளை வாசிப்பான், மற்றவர்கள் போனில் இருப்பார்கள். நான் புதிதாக ஒரு கூட்டம் சேர்க்கவில்லை. இருக்கிற பத்து நிமிஷத்தையே பிடித்துக்கொண்டேன். ஒரு காலிப் பெயின்ட் வாளி. அதில் எல்லோரும் போனைப் போடவேண்டும், முதலில் என் போன். அவசரத்துக்கு ஜீப் ஓட்டும் அண்ணாச்சியிடம் மட்டும் ஒரு போன் இருக்கும். பிறகு ஒரு நிமிஷம் சும்மா நிற்போம். கண்ணை மூடவேண்டாம். பூட்ஸுக்குள் பாதம் தரையில் எப்படிப் படுகிறது, காற்று எந்தக் காதில் அடிக்கிறது, அதைக் கவனித்தால் போதும். காற்று எந்தக் காதில் அடிக்கிறது என்பது எங்கள் தொழிலுக்கும் தேவையான விஷயம் என்பதால் பையன்கள் கிண்டல் பண்ணாமல் நின்றார்கள்.

இதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். எங்கள் ஆட்களில் ஜெபம் பண்ணிவிட்டு வருகிறவர்கள் உண்டு, திருநீறு பூசி வருகிறவர்கள் உண்டு, ஃபஜ்ர் தொழுதுவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஓம் சொல்லச் சொன்னாலோ, பஜனைப் பாட்டு போட்டாலோ பாதிப் பேருக்குச் சங்கடமாகிவிடும். வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார்கள். தியானம் என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. அந்த நிமிஷத்தில் அவரவர் சாமியைக் கும்பிட்டால் கும்பிடட்டும்.

நிமிஷம் முடிந்ததும் ஒரே கேள்வி: “ராத்திரி ஒழுங்கா ஒறங்குனீங்களா?” ஆரம்பத்தில் எல்லோரும் “ஆமா சார்” என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒப்பித்தார்கள். நான் விடவில்லை. என் தூக்கத்தைப் பற்றி நானே முதலில் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு நாள் வடக்கன்குளத்துப் பையன் ஒருவன், எப்போதும் முதல் ஆளாக ஹார்னஸ் மாட்டுகிறவன், வாளியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்னடே, மொகம் ஒரு மாதிரி இருக்கு?”

“பிள்ளைக்குக் காய்ச்சல் சார். ராத்திரி பூரா ஒறக்கமில்ல.”

“அப்ப நீ இன்னைக்குக் கீழ நில்லு. வாக்கிடாக்கியப் பாத்துக்கோ.”

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று முடிவாகியிருக்க வேண்டும்: கீழே நின்ற நாளை யார் கணக்கிலும் குறையாக எழுதுவதில்லை என்று. அன்றைய படிக்காசைப் பிடித்துவிட்டு, “மனம் விட்டுப் பேசுங்கள்” என்றால் எவனும் பேசமாட்டான். இதை மேலே எழுதி ஒப்புதல் வாங்க எனக்கு ஒரு சீசன் முழுக்கப் பிடித்தது. மூச்சுப் பயிற்சியைவிடக் கடினமான பயிற்சி அது.

அடுத்தது போன். கோபம் எனக்கு முதலில் காதில் வரும். காது மடல் சுடும், அப்புறம் தாடை இறுகும், அதற்கப்புறம்தான் வார்த்தை. உங்களுக்கு நெஞ்சாக இருக்கலாம், வயிறாக இருக்கலாம். எங்கே என்று கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். போன் அடித்தால் உடனே எடுப்பதில்லை. இரண்டு தடவை மணி அடிக்கட்டும். அந்த நேரத்தில் மூச்சை இழுப்பதைவிட விடுவதைக் கொஞ்சம் நீட்டி விடுவேன். மூச்சு உள்ளே போகும்போது இதயத்துடிப்பு லேசாகக் கூடும், வெளியே வரும்போது குறையும். வேகஸ் நரம்பு பார்க்கிற வேலை அது. அதனால் விடுகிற மூச்சு நீண்டால் உடம்பு ஒரு படி இறங்கும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. சீசனில் மந்திரத்துக்கு நேரமும் இல்லை.

பேசும்போது தெரிந்ததை மட்டும் சொல்வேன். “யா மோட்டாரில், காத்தாடியைக் காற்றுப் பக்கம் திருப்புகிற மோட்டாரில், கோளாறு. ஆள் மேலே இருக்கிறார்கள். பதினொரு மணிக்கு நானே கூப்பிடுகிறேன்.” எப்படியும் சமாளித்துவிடலாம் சார் என்று இழுத்தால் அடுத்த ஐந்து நிமிஷத்தில் இன்னொரு போன் வரும். பதினொரு மணி என்று சொன்னால் பதினொரு மணிக்குக் கூப்பிட்டுவிட வேண்டும், சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும். ஜீப் அண்ணாச்சி என்னிடம் முதல் சீசனில் சொன்னார்: “தம்பி, அவிய நாளைக்கும் இதையேதான் கேப்பாவ. பைய சொல்லுங்க.” கம்பெனி வகுப்பு முழுக்கச் சொன்னதை அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

இதோடு சேர்ந்த விதி ஒன்று எங்கள் சைட்டில் உண்டு. மேலே இருப்பவனை யாரும் போனில் கூப்பிடக்கூடாது, நான் உட்பட. கீழே நிற்கும் கூட்டாளி மட்டும் வாக்கிடாக்கியில் பேசலாம். அவனும் “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்கக்கூடாது. மேலே வேலை செய்தவர்களுக்கு இதன் காரணம் விளங்கும். போல்ட்டை எந்த வரிசையில் இறுக்கினோம், எதில் நிறுத்தினோம் என்பது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கேள்வி வந்தவுடன் மண்டை கடிகாரத்துக்குத் தாவிவிடும். ஏறுவதற்கு முன்னாலேயே தரையில் உட்கார்ந்து நேரத்தைப் பேசிவிடுகிறோம். ஏணியில் இடையிடையே நிற்கத் தளங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் நின்று, கொக்கியைத் தொட்டுப் பார்த்து, மூச்சு அடங்கியபின் அடுத்த ஏணி. முன்பும் நிற்பார்கள், தண்ணி குடிப்பதற்கும் போட்டோ எடுப்பதற்கும்.

கேட்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். போன சீசனில் நடந்தது இது. இரண்டு பேர் இறங்கி வந்தார்கள், சட்டை பிழிந்தால் ஒரு சொம்பு வியர்வை வரும். மூத்தவன் சொன்னான், “முடிஞ்சு சார். ஸ்டார்ட் குடுத்துரலாம்.” என் பையில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. சரி என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் அவன் முகத்தையே பார்த்தேன். அவன் ஹெல்மெட் வாரைக் கழற்றினான், திரும்ப மாட்டினான். மறுபடியும் கழற்றினான். நான் இரண்டு மூச்சு விட்டிருப்பேன்.

“சார்… ஒரு ஸ்பேனர் கணக்குல வரல. பத்தொம்பது சைஸ். பையிலதான் கெடக்கும்னு நெனைக்கேன்.”

“பையக் கொட்டுடே.”

தார்ப்பாயில் கொட்டினோம். ஸ்பேனர், சாக்கெட், கேபிள் டை, பாதி தின்ற கடலை மிட்டாய். பத்தொன்பது இல்லை. சுற்றுகிற தண்டுக்கும் பிரேக் தட்டுக்கும் பக்கத்தில் ஒரு ஸ்பேனர் கிடக்கும்போது மிஷினை ஓட்டினால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. களைத்தவர்களைத் திரும்ப ஏற்றக்கூடாது என்பதால் அடுத்த ஜோடி வரும்வரை காத்திருந்தோம். அவர்கள் ஏறி, தளத்தின் ஓர இடுக்கிலிருந்து எடுத்துக்கொண்டு இறங்கியபின்தான் ஸ்டார்ட் கொடுத்தோம். நல்ல காற்று நேரம் பாழாய்ப் போயிற்று. மில்காரர் கூப்பிட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் ஏசினார்; அவர் நஷ்டத்துக்கு அவர் ஏசுவதில் நியாயம் உண்டு. அந்த ஏச்சு என்னோடு நின்றுவிட வேண்டும் என்பது மட்டும்தான் என் கவலை. சாயங்காலம் டீக்கடையில் அந்த மூத்தவனுக்கு ஒரு ஆமவடை கூடுதலாக வாங்கிக்கொடுத்தேன். பாராட்டுரை எதுவும் படிக்கவில்லை. படித்திருந்தால் அடுத்த தடவை கூச்சத்திலேயே மறைத்திருப்பான்.

ஒருவன் பேசி முடித்தபிறகு இரண்டு மூச்சு சும்மா இருப்பது லேசில் வராது. வாய் ஊறும். அம்மாவிடமோ அத்தையிடமோ ஊர்க்கதை கேட்கும்போது பழகிப் பாருங்கள். குறுக்கே பேசாமல், போனைப் பார்க்காமல் முழுக் கதையையும் கேட்டுவிட்டால் ஆபீஸ் மீட்டிங் எல்லாம் ஒன்றுமே இல்லை.

மனதைக் கவனித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆள் பற்றாக்குறைக்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது. மூன்று ஜோடி பார்க்கவேண்டிய வேலையை இரண்டு ஜோடியிடம் கொடுத்துவிட்டு, அவர்களுக்கு மனஅழுத்த வகுப்பு நடத்துவது ஏமாற்று வேலை. வகுப்புக்கு ஒதுக்கிய காசில் ஒரு ஆளைப் போடுங்கள் என்று நான் எழுதிக்கொடுத்தேன். வகுப்பும் நடந்தது, ஆளும் வரவில்லை. மறுபடியும் எழுதுவேன். அமைதியாக இருப்பது என்றால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருப்பது என்று சில மேலாளர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. சும்மா உட்கார்ந்து மனதைப் பார்க்கச் சொன்னால் சிலருக்குப் பழைய துக்கம் கிளம்பிவிடும், படபடப்பு கூடிவிடும். அப்படி ஒருவரை நிறுத்தி, தொடர்ந்து செய், சரியாகிவிடும் என்று சொல்ல நமக்குப் படிப்பும் இல்லை, உரிமையும் இல்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை பெயின்ட் வாளி வைக்கிற மேஜைக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன். யார் கூப்பிட்டார்கள் என்று கேட்டதில்லை.

2023 டிசம்பர் 17, 18 மழையை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி கரை தாண்டி ஓடியது. எங்கள் ஆட்களில் சிலர் வீடுகள் ஆற்றங்கரைப் பக்கம். அன்றைக்கு எனக்கு எந்த அமைதியும் இருக்கவில்லை, கை நடுங்கியது. செய்தது ஒன்றுதான்: ஒரு தாளில் எல்லோர் பெயரையும் எழுதி, லைன் கிடைத்தவர்களிடம் “வீட்டுல எல்லாரும் பத்திரமா?” என்று மட்டும் கேட்டு டிக் போட்டேன். மிஷின் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தவர்களிடம் நாளைக்கு என்றேன். டவர் இல்லாமல் கிடைக்காத பெயர்களுக்கு, பக்கத்து ஊர்க்காரர்களை அனுப்பி விசாரித்து மறுநாள் டிக் போட்டோம்.

இப்போது என் மேஜையில் ஒரு நோட்டு இருக்கிறது. ஒரு கோடு கிழித்து இரண்டு பத்தி: கோளாறு நடந்த நேரம், அது என் காதுக்கு வந்த நேரம். யார் செய்தது என்று எழுத இடமே விடவில்லை. மாசக் கடைசியில் இரண்டு நேரங்களுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பேன். நான் எரிந்து விழுந்த வாரங்கள் அதில் தெரியும். யாரும் சொல்லத் தேவையில்லை, இடைவெளி நீண்டிருக்கும்.

பகல் ஷிப்டில் அது நன்றாகச் சுருங்கிவிட்டது. ராத்திரி ஷிப்டில் இன்னும் இல்லை. கன்ட்ரோல் ரூமில் அலாரம் வந்தாலும், சாரை எதுக்கு எழுப்புவானேன் என்று விடியும்வரை வைத்துக்கொள்கிறார்கள். எழுப்புங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டுகிறார்கள், எழுப்புவதில்லை. ஏதோ ஒரு நடு ராத்திரியில் நான் போனை எடுத்த குரல் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்போல. இந்த சீசனில் வாரத்துக்கு ஒரு ராத்திரி நானே அங்கே போய் அவர்களோடு கட்டஞ்சாயா குடித்துக்கொண்டு உட்காரலாம் என்று இருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.